செய்தியே முதல்: பாராமகால் வரலாறு வணிகர்க்கு உணர்த்துவது

வாணிகத்திற்கு முதல் யாது என்று வினவின், பொன் என்பர் சிலர். இடம் என்பர் சிலர். ஆள் என்பர் வேறு சிலர். இம்மூன்றும் வேண்டுவனவே. ஆயினும், இம்மூன்றும் ஒருங்கே உடைய ஒருவன், இவற்றுள் ஒன்றேனும் நிரம்பப் பெறாத மற்றொருவனுக்குத் தோற்றொழிதலை உலகிற் காண்கின்றோம். எப்பொருள் எங்கு மலிந்தது, எங்கு அருகிற்று, யார் வாங்குவர், யார் கடன் தீர்ப்பர் என்பனவற்றை முன்னவன் அறியாதிருந்தமையும் பின்னவன் அறிந்திருந்தமையுமே அதற்குக் காரணம். திருவள்ளுவனார் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தமை நம் சங்கத்து அன்பர் அறிந்ததே. அரசர்க்கு அவர் உரைத்தது வணிகர்க்கும் ஒக்கும். இதற்குச் சான்று தேடித் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. நாம் வாழும் கிருஷ்ணகிரியும் ஓசூருமே சான்றாய் நிற்கின்றன.

கிருஷ்ணகிரியைச் சூழ்ந்த நாட்டிற்குப் பாராமகால் என்பது பழம்பெயர். மலைக்கு மேலுள்ள ஓசூர்ப் பகுதியைப் பாலாகாட் என்று வழங்கினர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரண்டும் மைசூரை ஆண்ட ஐதரலி, திப்பு சுல்தான் ஆகியோர் ஆட்சியில் இருந்தன. அவர்களை எதிர்த்து நின்ற கும்பினியார் யாவர்? முடிசூடிய மன்னர் அல்லர், கி.பி. 1600இல் லண்டன் மாநகர வணிகர் கூடிப் பட்டயம் பெற்று அமைத்த ஒரு வாணிகக் கூட்டத்தாரே ஆவர். ஒரு வாணிகக் கூட்டம் இந்நாட்டை எவ்வாறு தன்வயமாக்கிற்று என்பதே நாம் ஈண்டு ஆராய வேண்டுவது. வாளும் பீரங்கியுமே காரணம் என்பது முழு விடையாகாது. அவை திப்பு சுல்தானிடமும் இருந்தன.

கி.பி. 1791 மே மாதத்தில் நிகழ்ந்த ஒன்றை நோக்குக. கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு, பெங்களூரைக் கைப்பற்றிய ஊக்கத்தோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றார். வழியிற் போரிட்டு வெற்றியும் பெற்றார். ஆயின் அவ்வெற்றி படையின் வயிற்றை நிரப்பவில்லை. தானியமும் தீவனமும் அற்றன. எருதுகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. பீரங்கிகளை இழுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அவர் தம் பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்தழித்துவிட்டுப் பின்வாங்கினார். பின்வாங்கத் தொடங்கியவுடனே எதிரில் ஒரு குதிரைப்படை தோன்றிற்று. பகைவர் படையோ என்று ஐயுற்று நோக்கிய அது, அவர்க்குத் துணையாய் வந்துகொண்டிருந்த மராத்தியர் படையேயாம்! அவர்பால் உணவுப்பொருளும் கடைவீதியும் நிரம்ப இருந்தன. மராத்தியர் அணுகிவிட்டனர் என்னும் ஒரு சொல் முன்னரே எட்டியிருப்பின், அத்துணை இழப்பும் நேர்ந்திராது. திப்புவின் குதிரை வீரர் வழியெங்கும் தூதரை மறித்தமையால் அச்சொல் எட்டவில்லை. பெரும்படையை ஒரு செய்தியின்மை திருப்பி அனுப்பிற்று.

இவ்விழப்பினின்றும் கும்பினியார் பாடம் கற்றனர். ஒற்றுத்துறையை நடத்திவந்தவர் கேப்டன் அலெக்சாந்தர் ரீட் என்பவர். பின்னாளிற் சென்னைக் கவர்னராய் விளங்கிய தாமஸ் மன்றோ அவர்க்கு உதவியாளராய் இருந்தார். எல்லைப்புறத்து ஆம்பூரில் இருந்துகொண்டு, கணவாய்களின் வழியே வந்து போவோரிடம் மைசூர் நாட்டுச் செய்திகளை இவர்கள் திரட்டினர். எக்கணவாயில் வண்டி செல்லும், எக்கோட்டையில் எத்தனை ஆள், எவ்வூரில் தானியம் உண்டு என்பன போன்ற சிறு செய்திகளே பெரும்போருக்கு அடிப்படையாயின. பொதியெருதுகளோடு நாடெங்கும் திரிந்து தானியம் விற்ற பஞ்சாரர், அதாவது லம்பாடிகள், படைக்கு வேண்டும் உணவைக் கொணர்ந்தனர். 1792 பிப்ரவரியிற் காரன்வாலிஸ் மீண்டும் சென்றபோது படை பசித்திருக்கவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்து உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் நாட்டிற் பாதியை இழந்தார். பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. ஓசூர் 1799 வரையில் மைசூரோடு நின்றது. அவ்வேழாண்டும் இன்றைய நம் மாவட்டத்தின் ஊடே இரண்டு அரசுகளின் எல்லை சென்றது.

இனிக் கூறப்போவதே கட்டுரையின் உயிர்நிலை. வென்ற நாட்டை யாரிடம் ஒப்புவிப்பது என்ற வினா எழுந்தபோது, நாட்டு மொழிகளை அறிந்தவர் சிவில் உத்தியோகஸ்தருள் அரியர் என்று கண்ட காரன்வாலிஸ், படைத்தலைவராகிய ரீடையே தேர்ந்தெடுத்தார். மன்றோ, மக்லியாட், கிரஹாம் என்போர் அவர்க்குத் துணைவராயினர். நேற்றுவரை பகைவர் செய்தியைத் திரட்டியோர், இன்று நிலத்தின் செய்தியைத் திரட்டத் தொடங்கினர். வயல் வயலாக அளந்தனர். நன்செய் எது, புன்செய் எது, தோட்டம் எது, உழுவோன் யாவன், விளைவு யாது என எழுதினர். விளைபொருள், தொழில், சுங்கம், மக்கள் வகுப்புகள் எனப் பலவற்றையும் குறித்தனர். அக்குறிப்புகளைப் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்னும் பெயரால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை அரசாங்கத்தார் பகுதி பகுதியாக அச்சிட்டனர். இந்நாட்டில் வேரூன்றிய ரயத்துவாரி முறைக்குப் பாராமகாலே நாற்றங்காலாயிற்று. இன்று நம் வீட்டுப் பெட்டியில் உறங்கும் பட்டாவுக்கும் அம்முறையே மூதாதை.

இங்கு ஒரு வினா எழும். இவற்றை எல்லாம் நம்மவர் அறியாதிருந்தனரோ? அறிந்தே இருந்தனர், ரீடைக் காட்டிலும் நன்றாகவே அறிந்திருந்தனர். ஊர்க் கர்ணம் ஒவ்வொரு வயலின் எல்லையையும் அறிவார். வணிகர் ஒவ்வொரு சந்தையின் விலையையும் அறிவார். பஞ்சாரர் ஒவ்வொரு மலைவழியையும் அறிவார். ஆயின் கர்ணத்தின் அறிவு கர்ணத்தின் ஓலையில் அடங்கிற்று. வணிகர் அறிவு அவர் தலையில் அடங்கிற்று. பஞ்சாரர் அறிவு அவர் காலடியில் அடங்கிற்று. ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். அறிந்தவர் மறைந்தால் அறிவும் உடன் மறையும். சிதறிக் கிடந்த இவ்வறிவைப் பல வாய்களிலிருந்தும் கேட்டு, ஒரே முறையில் எழுதி, ஓரிடத்திற் சேர்த்து, அடுத்து வரும் அதிகாரியும் எடுத்தாளுமாறு வைத்ததே கும்பினியார் செய்தது. அவர் புதிதாகப் படைத்தது அறிவன்று. அறிவைத் திரட்டும் ஒழுங்கே.

அவ்வொழுங்கு நன்மையே விளைத்தது என்று கொள்ளற்க. அளந்து எழுதிய ஏடு வரிவாங்கும் கருவியுமாயிற்று. குடியானவன் கூறிய செய்தி அவன் தோளிற் சுமையாய் மீண்டது. வரிச்சுமையின் கடுமையை உணர்ந்த மன்றோவே, பிற்காலத்தில், 1807இல், தாம் ஆண்ட இராயலசீமைப் பகுதிக்கு நூற்றுக்கு 25 பங்கு குறைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தார். ரீடும் மன்றோவும் நீங்கிய பின்னர்ச் சேலம், பாராமகால் நிலங்களை மிட்டாக்களாகப் பகுத்து ஏலமிட்டனர்; மிட்டாதாரர் பலர் சில ஆண்டுகளில் நிலைகுலைந்தனர். வயல்தோறும் சென்று பெற்ற அறிவை ஒதுக்கியதன் பயன் அது. ஆகவே செய்தி திரட்டல் ஒன்று. அதனை அறத்தோடு ஆளல் மற்றொன்று. இரண்டும் கூடினால்தான் ஆக்கம் நிலைக்கும்.

இரு நூற்றாண்டு கழிந்தபின் அதே எல்லையில் வேறொரு போட்டி தோன்றிற்று. 1971இல் தமிழக அரசு நிறுவிய சிப்காட், ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை 1961 முதல் புகழோடு விளங்கிற்று. 1984இல் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா குழுமமும் கூடித் தொடங்கிய டைட்டான், ஓசூரில் ஆலை அமைத்தது. மக்கள் விரும்புவது சாவி கொடுக்கும் கடிகாரமன்று, மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரமே என்பதை அது உணர்ந்தது. தன் பெயரிலேயே கடைகளைத் திறந்து, வாங்குவோர் எதை எடுத்து நோக்குகின்றனர், எதை ஒதுக்குகின்றனர் என்பதை நேரே அறிந்தது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் கடிகாரம் செய்யாமலில்லை; எனினும் பழையதிலேயே மிகுதியும் ஊன்றி நின்றது. 2016இல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

டைட்டானின் நகைப் பிரிவாகிய தனிஷ்க் செய்ததோ இன்னும் நுட்பமானது. பொன்னின் மாற்றைக் கடைக்காரர் அறிவார், வாங்குவோர் அறியார் என்பதே நெடுங்கால வழக்கு. நகையை உருக்காமலே மாற்றைக் காட்டும் ‘காரட்மீட்டர்’ என்னும் இயந்திரத்தைத் தனிஷ்க் தன் கடைகளில் வைத்தது. மக்கள் தம் பழைய நகையைத் தம் கண்ணாலேயே சோதித்துக்கொண்டனர். மறைத்துவைத்த செய்தியால் வாழ்ந்தவர் தாழ்ந்தனர். செய்தியை வெளிப்படுத்தியவர் நம்பிக்கையைப் பெற்றனர். இன்று சட்டமே அதனை வேண்டுகின்றது. ஹால்மார்க் முத்திரை பெறும் ஒவ்வொரு நகைக்கும் 6 குறிகள் கொண்ட தனி அடையாளம் 2021 முதல் உண்டு. அதே ஓசூரில் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி, தர மேலாண்மைக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை 2002இல் பெற்றது. பிழை தோன்றிய இடத்திலேயே தொழிலாளி அதனை எழுதி, எண்ணி, காரணம் காணுதலே அம்முறையின் அடிப்படை. கணிப்பொறி எழுத்தை விரைவாக்கும். எழுதும் பழக்கத்தை அது தாராது.

நம் வகுப்பாருட் பலர் இவ்வாலைகளுக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளும், கடைவீதியில் மளிகை, மாம்பழ மண்டி முதலியனவும் நடத்துகின்றனர். கணக்கு எங்கே என்று கேட்டால், பெரியவர் தம் நெற்றியைத் தொட்டுக் காட்டுவது இன்றும் உண்டு. அவர் கண் மூடினால் வரவேண்டிய கடனும், வாடிக்கைக்காரர் குணமும், சரக்கு வரும் வழியும் அவரோடே செல்கின்றன. பிள்ளைகள் கடையை மூடி ஆலையிற் கூலிக்குச் செல்கின்றனர். இதனினும் பெரிய இழப்பு ஒரு குடும்பத்திற்கு யாது?

ஆதலின் அன்பர்காள்! அன்றாட வரவு செலவை அன்றே எழுதுக. கைப்பேசியில் எழுதினும் காகிதத்தில் எழுதினும் ஒக்கும். வாங்குவோர் கேட்டு இல்லையென்று அனுப்பிய பொருளையும் குறித்து வைக்க. இக்கணக்கை மகனோடு மகளும் மருமகளும் அறியச் செய்க. விலையையும் மாற்றையும் அளவையும் வாங்குவோர்க்கு ஒளியாது காட்டுக. வீடுகளிலுள்ள பழைய கணக்கேடுகளைச் செல்லுக்கு இரையாக்காது நம் சங்கத்தில் ஒப்படைக்க. பாராமகாலின் செய்தியைப் பிறர் எழுதினர். நாட்டை அவரே ஆண்டனர். நம் தொழிலின் செய்தியை நாமே எழுதுவோம்; நம் தொழில் நம்மிடமே நிலைக்கும்.