நடக்காத நடைப்பயணம்

எங்கள் கல்லூரி மாணவர்கள் சிலர், புற்றுநோயால் துன்புறும் குழந்தைகளின் மருத்துவச் செலவுக்காகக் கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை மிதிவண்டியில் செல்லத் திட்டமிட்டார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்வது, ஓட்டி முடித்தபின் தொகையைப் பெற்று மருத்துவமனைக்கு அளிப்பது என்பது ஏற்பாடு. அதற்கான துண்டறிக்கையைப் பிழை திருத்தித் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். கல்லூரியில் தமிழாசிரியனுக்கு எஞ்சியிருக்கும் முதன்மையான பணி அதுதான். ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டே வந்தவன் மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டேன். 72 வயதில் பாபா ஆம்தே கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நடந்தே சென்றாராம். இளைஞர்களாகிய நம்மால் மிதிவண்டியில்கூடச் செல்ல இயலாதா என்று கேட்டிருந்தார்கள்.

இவ்வாக்கியத்தில் ஒற்றுப்பிழை எதுவும் இல்லை. ஆனால் வயதும் தவறு, நடையும் தவறு. மாணவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இணையத்திலும் பொது அறிவு நூல்களிலும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். முரளிதர் தேவிதாஸ் ஆம்தே 1914 டிசம்பர் 26 அன்று வார்தா மாவட்டத்து ஹிங்கண்காட்டில் பிறந்தவர். ‘பாரத் ஜோடோ’ எனப்பட்ட அப்பயணம் 1985 டிசம்பர் 24 அன்று தொடங்கியபோது அவருக்கு 71 வயது நிறைய இன்னும் இரண்டு நாள் இருந்தது. நடப்பதோ, முதுகெலும்புத் தேய்வினால் நாற்காலியில் உட்காரவும் இயலாதிருந்தவர் அவர். நிற்கலாம், அல்லது படுக்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை அவர் உடலுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஒரு பேருந்தில் படுக்கை அமைத்து, அதில் படுத்தபடியேதான் நாட்டைக் கடந்தார். முன்னும் பின்னும் மிதிவண்டிகளில் சென்றவர்கள் 100 இளைஞர்களும் 16 இளம்பெண்களும். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதில் இடமில்லை. கடந்த தொலைவு 5,042 கிலோமீட்டர்.

மிதிவண்டி எப்படி நடையாக மாறியது? இந்திய மனத்தில் ஏற்கெனவே ஓர் அச்சு வார்க்கப்பட்டுக் கிடக்கிறது என்று தோன்றுகிறது. 1930இல் தண்டிக்கு நடந்த காந்தி, 1951இல் போச்சம்பள்ளியில் பூதானம் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்த வினோபா, 1983 ஜனவரியில் இதே கன்னியாகுமரியில் புறப்பட்டு ஜூன் மாதம் தில்லி ராஜ்காட்டை அடைந்த சந்திரசேகர். வயதானவர், மெலிந்தவர், கதர் உடுத்தியவர், நாட்டின் நெடுகிலும் செல்கிறார் என்றால் அவர் நடந்துதான் ஆகவேண்டும். பேருந்தில் படுத்துச் செல்லும் மகானை நம் கற்பனை ஏற்பதில்லை. ஆகவே ஞாபகம் அவரை எழுப்பி நடக்க வைத்துவிட்டது. அந்தத் திருத்தத்தில் 116 பேர் காணாமற்போனார்கள். இதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவரைப் பெருமைப்படுத்தப் போய், உண்மையில் மிதித்தவர்களின் கால்களை வரலாற்றிலிருந்து எடுத்துவிட்டோம்.

‘பாபா’ என்ற பெயரும் இந்த மயக்கத்துக்கு உதவியிருக்கும். அது துறவுப் பெயரன்று. வீட்டில் பெற்றோர் இட்ட செல்லப் பெயர். வசதியான குடும்பத்தில் பிறந்து, சட்டம் பயின்று, வழக்கறிஞராகத் தொழில் செய்தவர் அவர். மழையில் சாலையோரம் கிடந்த துளசிராம் என்ற தொழுநோயாளியைக் கண்டு அஞ்சி ஓடியதும், அந்த அச்சத்தைத் தாங்கமாட்டாமல் திரும்பி வந்ததும் அவரே பலமுறை சொன்ன கதை. பின்னர் கல்கத்தாவில் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தொழுநோய் மருத்துவம் பயின்றார். ஆய்வுக்காக நோய்க்கிருமியைத் தம் உடலிலேயே செலுத்திக்கொள்ள முன்வந்தார். வரோராவுக்கு அருகில், கல்லும் புதருமாக இருந்த நிலத்தில், மனைவி சாதனாவோடும் இரண்டு குழந்தைகளோடும் ஆறு நோயாளிகளோடும் ஆனந்தவனம் எழுந்தது 1951இல். ஒரு நொண்டிப் பசுவும் 14 ரூபாயும் கையிருப்பு என்பார்கள்.

அந்நிலத்தில் முதல் கிணற்றை வெட்டியவர்கள் விரல் மழுங்கிய நோயாளிகள். ஈகை அழிக்கும், உழைப்பே ஆக்கும் என்பது ஆனந்தவனத்தின் கொள்கை. நன்கொடைக்காக மிதிவண்டி மிதிக்கப் போகும் மாணவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டவர், ஈகையின்மீது இத்தகைய ஐயம் கொண்டவர் என்பது சுவையான முரண். தொழுநோயாளிக்குக் காசு எறிவதன் மூலம் அவன் அருகில் வராமல் பார்த்துக்கொள்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலிலும் இரவச்சத்தைப் பொருட்பாலிலும் வைத்தார். தமிழ் மேடைகளில் முன்னதற்குக் கிடைக்கும் கைதட்டல் பின்னதற்குக் கிடைப்பதில்லை. ஆம்தே இரவச்சத்தின் பக்கம் நின்றவர். பயணத்தின் முழக்கமும் அதுவே: கைகள் ஆக்கத்துக்கே உரியவை, இரப்பதற்கும் அல்ல, அடிப்பதற்கும் அல்ல என்ற பொருள் கொண்ட இந்தி முழக்கம். (நன்கொடையே பெறாமல் ஆனந்தவனம் வளரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். விருதுத் தொகைகளும் அயல்நாட்டு உதவிகளும் அங்கே கட்டடங்களாயின. கொள்கைக்கும் கணக்கேட்டுக்கும் இடையே இத்தகைய இடைவெளி இல்லாத நிறுவனத்தை நான் கண்டதில்லை.)

வள்ளுவரைச் சும்மா இழுக்கவில்லை. டிசம்பர் 24 என்றால் நமக்குப் பெரியார் நினைவுநாள். மராத்தியருக்கு அது சானே குருஜி பிறந்தநாள். பிறப்பு 1899. மராத்தி இலக்கியம் என்றதும் கா.ஸ்ரீ.ஸ்ரீ. வழியாக வந்த காண்டேகரை நினைக்கும் நம் வாசகர்களுக்குச் சானே குருஜி அவ்வளவு அறிமுகமில்லை. ‘சியாம்சி ஆயி’ நூலின் ஆசிரியர். 1947இல் பண்டரிபுரம் விட்டலன் கோயிலுக்குள் தீண்டாமைக்கு ஆளான மக்கள் செல்ல உரிமை கோரி உண்ணாநோன்பிருந்தவர். விடுதலைப் போராட்டத்தில் திருச்சிராப்பள்ளிச் சிறையில் அடைபட்டபோது தமிழும் வங்காளமும் கற்றவர். திருக்குறளை மராத்தியில் பெயர்த்தவர். சிறைத்தண்டனையை மொழி வகுப்பாக மாற்றிக்கொண்ட அந்த அனுபவம், இந்திய மொழியினர் ஒருவர் மொழியை ஒருவர் பயிலவேண்டும் என்ற அவருடைய ‘ஆந்தர பாரதி’ எண்ணத்தோடு நெருங்கிய உறவுடையது என்று நான் கருதுகிறேன். அவர் பிறந்தநாளில், அவர் கற்ற மொழியின் தென்கோடியில் பயணம் தொடங்கியது. கடலுக்குள் விவேகானந்தர் பாறை மண்டபம் அப்போது இருந்தது. வள்ளுவர் சிலை இல்லை. அது 2000 ஜனவரி முதல் நாளில்தான் திறக்கப்பட்டது.

கன்னியாகுமரியும் வெறும் அழகிய தொடக்கப் புள்ளி அன்று. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட மதக் கலவரத்தின் தழும்பு ஆறாத மாவட்டம் அது. ‘நாட்டை இணைப்போம்’ என்று வடக்கு நோக்கிக் கிளம்புகிறவர்களுக்கு முதல் வேலை பஞ்சாபில் காத்திருக்கவில்லை, புறப்பட்ட ஊரிலேயே இருந்தது.

ஆயினும் பயணத்தின் உடனடிக் காரணம் பஞ்சாப்தான். 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அக்டோபர் இறுதியில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். தொடர்ந்து தில்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். 1985 ஜூலையில் ராஜீவ் காந்தியோடு உடன்பாடு கண்ட லோங்கோவால் அடுத்த மாதமே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஆண்டு ஆம்தேக்கு மகசேசே விருது கிடைத்தது. விருதாளர் மிதிவண்டிகளைத் திரட்டினார்.

இந்த இளைஞர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்லர். ஆனந்தவனத்தின் கிளையான சோம்நாத்தில், அறுபதுகளின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் மே மாதம் உழைப்பு முகாம் நடந்து வந்தது. மராட்டிய மாநிலத்துக் கல்லூரி மாணவர்கள் விதர்பாவின் வெயிலில் மண் வெட்டி, மாலையில் பாட்டும் பேச்சுமாகக் கூடுவார்கள். அங்கே உருவான பழக்கமே சாலைக்கு வந்தது என்று சொல்லலாம்.

அக்காலத்துச் சாலையை இன்றைய வாசகர் சற்று முயன்றுதான் கற்பனை செய்யவேண்டும். தங்க நாற்கரச் சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1999இல். அதற்கு முன் தேசிய நெடுஞ்சாலை என்பது பெரும்பாலும் இரண்டு லாரிகள் ஒதுங்கிக் கடக்கும் தார்ப்பாதை. அது ஊரைச் சுற்றிப் போகாது, ஊருக்குள் புகுந்து கடைத்தெருவின் நடுவே போகும். மிதிவண்டியோ பெரும்பாலும் கியர் இல்லாத, கனத்த இரும்பு வண்டி. சிறுவயதில் மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்துக் குரங்குப்பெடல் போட்டவர்களுக்கு அதன் எடை முழங்காலில் நினைவிருக்கும். நாளொன்றுக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 5,042 கிலோமீட்டருக்கு நூறு நாள். பஞ்சர் ஒட்ட நின்றாலும் ஓர் ஊர், தண்ணீர் குடிக்க நின்றாலும் ஓர் ஊர். நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் வரிசையாக மணியடித்துக்கொண்டு வந்தால் தேநீர்க் கடையில் இருப்பவர் எழுந்து வந்து ‘எங்கிருந்து?’ என்று கேட்காமல் இருக்கமாட்டார். அந்தக் கேள்வியை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு எழுப்பிக்கொண்டே போவதுதான் பயணத்தின் வேலை. மகிழுந்துக்கு அது வாய்க்காது.

அந்த நூறு நாளில் நாடு என்ன செய்துகொண்டிருந்தது? 1986 ஜனவரி 26 அன்று அகால் தக்த்தில் கூடிய சர்பத் கால்சா பஞ்சாபை மேலும் கொதிப்பாக்கியது. பிப்ரவரி முதல் நாள் அயோத்தியில் பூட்டுத் திறக்கப்பட்டது. அம்மாதமே காஷ்மீரின் அனந்தநாகில் பண்டிதர்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டன, மார்ச்சில் ஜி.எம். ஷாவின் அரசு நீக்கப்பட்டது. பின்னர் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு இந்நாட்டைப் பிளக்கப் போகும் மூன்று விரிசல்களும் அந்தச் சில வாரங்களில் அகன்றன. மிதிவண்டிகள் மெல்ல வடக்கே போய்க்கொண்டிருந்தன. இன்னுமொரு செய்தி: பயணத்தின் கவலைக்கு மையமாக இருந்த பஞ்சாபின் லூதியானாதான் இந்தியாவின் மிதிவண்டித் தலைநகர். அவ்வூரின் ஹீரோ நிறுவனம் உலகிலேயே மிகுதியான மிதிவண்டிகளைச் செய்வது என்று கின்னஸ் நூலில் இடம்பெற்றதும் அதே 1986இல்தான்.

பயணம் தோற்றதா என்று கேட்டால், எதை அளவுகோலாகக் கொள்வது என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. அது எந்தக் கலவரத்தையும் நிறுத்தவில்லை. ஆம்தே அதை அறியாதவர் அல்லர். 1988இல் இட்டாநகரிலிருந்து குஜராத்தின் ஓக்கா வரை, முன்னதைவிட நீண்ட இரண்டாவது பயணத்துக்கு அவர் புறப்பட்டிருக்கிறார். பிறகு நர்மதைக் கரைக்குக் குடிபெயர்ந்து அணை எதிர்ப்பில் சேர்ந்தார், அரசு தந்த பத்ம விருதுகளைத் திருப்பியளித்தார். 2008 பிப்ரவரியில் ஆனந்தவனத்தில் காலமானார். 2022 செப்டம்பரில் அதே பெயரோடு அதே கன்னியாகுமரியிலிருந்து ராகுல் காந்தி நடந்தார். அதன்பின் பழைய பயணமும் நடையே என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டுவிட்டது.

தொலைவை விற்றுப் பணம் திரட்டும் முறை வேறொரு மரபு. அதற்கும் மதிப்புண்டு. 1994இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை எய்ட்ஸ் நோயாளிகளுக்காகத் தொடங்கிய ஏழு நாள் மிதிவண்டிப் பயணம், கிடைத்த தொகையில் ஏற்பாட்டுச் செலவு எவ்வளவு என்ற பூசலில் 2002இல் வேறு கைக்கு மாறி, 2025 வரை நடந்தது. நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் கூசிய நாளில் அது பெருந்தொகை சேர்த்தது. ஈகை அழிக்கும் என்று அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வராது. குழந்தையின் மருந்துச் சீட்டோடு நிற்கும் தாயிடமும் வராது.

துண்டறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். ‘நடந்தே’ என்பதை அடித்துவிட்டு, பேருந்தையும் படுக்கையையும் 116 பேரையும் எழுதினேன். மாணவர்களுக்கு ஏமாற்றம். “ஐயா, படுத்துக்கிட்டே போனாருன்னு போட்டா யாரு பணம் தருவாங்க?” என்றான் ஒருவன். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கூட இருந்த மாணவி, பதினாறு பெண்கள் சென்றார்கள் என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடலாம் என்றாள். அப்படியே அச்சாயிற்று.

வழித்தடப் படத்தையும் மேசைமேல் விரித்தார்கள். கைப்பேசி காட்டிய நான்குவழிச் சாலையையே கோடாக வரைந்திருந்தார்கள். கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் எல்லாவற்றையும் புறவழிச்சாலை ஒதுக்கிவிட்டிருந்தது. ஊருக்குள் போனால் நாளுக்குப் பத்துக் கிலோமீட்டர் கூடும் என்றார்கள். கூடினால் கிலோமீட்டர் கணக்கில் பணமும் கூடும் அல்லவா என்றேன். சிரித்துக்கொண்டே, பென்சிலை எடுத்துக் கோவில்பட்டிக்குள் கோட்டை வளைத்தார்கள்.