அம்மியும் பளிங்கும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் 'அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்' என்னும் பழமொழியை விளக்கிக்கொண்டிருந்தேன். "ஐயா, அம்மி என்றால் என்ன?" என்று மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள். வகுப்பில் அம்மியைக் கண்டிருந்தவர் மூவர். அதில் அரைத்தவர் எவருமிலர். அவர்களைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. 1994-இல் தோட்டத்து வீட்டைக் காலி செய்த நாளில், லாரியில் இடமில்லை என்று அம்மாவின் அம்மியைக் கிணற்றடியிலேயே விட்டு வந்தவன் நான்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புது வீட்டில் வைத்த முதல் மீன் குழம்பை மட்டும் அவர் உண்ணவில்லை.

அம்மி கருங்கல்லால் ஆனது. மண்ணுக்கடியில் மிக ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால், குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருவான கல் அது. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7. பளிங்கிலுள்ள கால்சைட்டோ 3 மட்டுமே. பளிங்கைக் கத்தி கீறிவிடும். புளியும் எலுமிச்சையும் அதைக் கரிக்கும். நண்பர் ஒருவர் பெருஞ்செலவில் அடுக்களை மேடைக்கு வெண்பளிங்கு பதித்தார். ஒரே தீபாவளிச் சமையலில் புளிக்கரைசல் பட்ட இடமெல்லாம் மெருகு போய்த் தழும்பாயிற்று. துடைத்தால் போகும் கறையன்று அது. கல்லே சிறிது கரைந்துவிட்டது.

இதை நம் முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்தனர். மலாயாவிலும் பர்மாவிலும் வட்டித்தொழிலில் பொருளீட்டிய நகரத்தார், செட்டிநாட்டு மாளிகைகளின் கூடங்களுக்கு இத்தாலியப் பளிங்கை இறக்கினர். அம்மாளிகைகளின் பின்கட்டில் இருந்தவையோ கருங்கல் அம்மியும் ஆட்டுக்கல்லும்தாம். காலுக்குக் குளிர்ச்சி தரும் கல் வேறு, அரைக்கும் கல் வேறு!

பேராக்கில் வாழும் நமக்கு இவ்விரு கற்களும் அயலார் அல்ல. ஈப்போவைச் சூழ்ந்து நிற்பவை சுண்ணாம்புக்கற் குன்றுகள். கிழக்கே தீத்திவங்சா மலைத்தொடர் கருங்கல். அக்கருங்கல் குழம்பாய் மேலெழுந்த காலத்து வெப்பத்தால்தான் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல்லிற் பெரும்பகுதி பளிங்காக மாறியது. மலாய்க்காரரும் பெரனாக்கான் சீனரும் தம் அடுக்களையில் வைத்திருந்த அம்மியை 'பத்து கீலிங்' என்பர். அரைகல் என்பதே பொருள். இதை நம் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, ஏதோ நம்மிடம் மட்டுமே உள்ள பழம்பொருள் என்று எண்ணியிருந்தவர்கள் வியந்தனர்.

1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார மாவரைவைப் பொறியை உருவாக்கினார். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும். கிரைண்டரில் பாத்திரம் சுழலும். வேலைமுறை தலைகீழானது, கல் மட்டும் கருங்கல்லாகவே நீடித்தது. உங்கள் வீட்டு கிரைண்டரைத் திறந்து பிள்ளைகளிடம் காட்டுங்கள்.

பழமொழிப் பாடத்திற்காகப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அம்மியொன்றை இரவல் வாங்கி வந்தேன். வகுப்புக்குள் கொண்டுவர நால்வர் தேவைப்பட்டனர். கேள்வி கேட்ட மாணவியே முதலில் மஞ்சள் அரைத்தாள். மறுநாள் அம்மியைத் திருப்பித் தந்துவிட்டேன்.

பெற்றோர் எவரேனும் பயன்படாத அம்மியை எறிய எண்ணினால், அதற்குமுன் என்னிடம் ஒரு சொல் சொல்லுங்கள். இம்முறை லாரியில் இடம் வைத்து வருகிறேன்.