பதின்மூன்று விதிகளில் இல்லாத துள்ளல்

மாத்தளை நகரிலிருந்து ஏ-9 வீதியில் வடக்கே சில கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. அதுவரை துறவிகள் மனப்பாடமாகக் காத்துவந்த பாளித் திரிபிடகம், கிறிஸ்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டில் இங்குள்ள கற்குகைகளில்தான் ஓலையில் எழுதப்பட்டது என்பது மரபு. ஊரின் பெயர் வெளியே போனது அதனால். ஆனால் இந்த மாவட்டத்துச் சரிவுகளில் நிற்கும் இறப்பர் மரங்களுக்கும் ஒரு நீண்ட பயணக் கதை இருக்கிறது. உடற்கல்விப் பாடத்தில் சிறுபிள்ளைகள் தட்டிப் பழகும் கூடைப்பந்து அந்தக் கதையின் ஒரு கிளை.

மெக்சிக்கோவில் எல் மனாட்டி என்ற சதுப்பு நிலத்தில் கிடைத்த இறப்பர்ப் பந்துகளுக்கு வயது ஏறத்தாழ 3,600 ஆண்டு. அது இங்குள்ள மரத்தின் பாலல்ல, வேறு இன மரத்தின் பால். அதில் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து உறையவைத்தார்கள். மெக்சிக்கோவை வென்ற ஏர்னான் கோர்ட்டெஸ் 1528இல் அங்குள்ள அஸ்டெக் பந்தாட்டக்காரரை ஸ்பெயினுக்கு அழைத்துப்போனபோது, அப்படித் துள்ளும் பந்தை ஐரோப்பா அறிந்திருக்கவில்லை. வெயிலில் இளகி, குளிரில் வெடித்த இறப்பரை 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி நிலைப்படுத்தினார். பிறகு பந்தின் உள்ளே காற்றடைக்கும் பையும் இறப்பரால் வந்தது.

1876இல் ஆங்கிலேயர் ஹென்றி விக்கம் அமேசன் காட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றில் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் ஹெனரத்கொடை தோட்டத்தில் நடப்பட்டன. தோட்டங்கள் அங்கிருந்து பரவின. தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகத் தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்து, முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்த மலைகளில் இன்னும் வாழ்கிறார்கள். விடிகாலையில் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடியவிடும் வேலை ஆட்டம் என்ற சொல்லுக்கு வெகுதூரம். அந்தப் பாலின் ஒரு பங்குதான் எங்கோ ஒரு தொழிற்சாலையில் பந்தின் மேலுறையாகிறது.

கூடைப்பந்தாட்டம் பிறந்தது வேறொரு நாட்டின் குளிரில். 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வை.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், 18 மாணவருக்காக ஓர் உள்ளரங்க ஆட்டத்தை அமைத்தார். ஒருவரையொருவர் இடித்துத் தள்ளும் முரட்டுத்தனம் கூடாது என்பது அவருடைய கவலை. அதனால் பந்தைப் பிடித்த இடத்திலிருந்தே எறியவேண்டும், அதோடு ஓடக்கூடாது என்று வைத்தார். கூடைகள் பீச் பழக் கூடைகள். பந்து கால்பந்து. அவர் எழுதிய 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு போவது இல்லவே இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர்கள் ஆடியவர்கள். எதிரணியினர் சூழ்ந்து நிற்க, எறிய ஆளில்லாதபோது பந்தைத் தரையில் மோதவிட்டுத் தாங்களே ஓடிப் பிடித்தார்கள். அதை ஓர் அணியின் உத்தியாகவே ஆடிய பெருமை 1897இன் யேல் பல்கலைக்கழகத்துக்குத் தரப்படுகிறது. விதி எழுதுவோருக்கு இது உறுத்தியது. சில ஆண்டுகள், தட்டிச் சென்றவர் தானே கூடையில் எறியக்கூடாது என்று தடுத்தார்கள். 1927இல் ஒரே ஒரு துள்ளலோடு நிறுத்தப் பார்த்தார்கள். பயிற்றுநர்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. பந்தும் ஒத்துழைக்கவில்லை. கால்பந்தைவிடச் சற்றுப் பெரிதாக 1894இல் தனிப்பந்து வந்தும், அதன் மேலிருந்த வார்முடிச்சு தரையில் பட்டால் பந்து எங்கெங்கோ திரும்பியது. முடிச்சு உள்ளே மறைந்து, பின்னர் அச்சில் வார்த்த பந்து வந்த பிறகே கை அதை நம்பத் தொடங்கியது.

ஆட்டம் நம் பக்கம் வந்ததும் வை.எம்.சி.ஏ. வழியேதான். ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார்; இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அது. கூடைப்பந்தின் இன்னொரு கிளை இங்கிலாந்தில் பெண்களிடம் போய் வலைப்பந்தாகி, துள்ளலை விட்டுவிட்டது. அதில் பந்தைக் கட்டுக்குள் கொண்டுவர ஒருமுறை தரையில் அடிக்கலாம். பிறகு மூன்று வினாடிக்குள் எறிந்துவிடவேண்டும். யாழ்ப்பாணம் ஈவினையின் தர்ஜினி சிவலிங்கம் 2009லும் 2018லும் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வெல்ல ஆடியது இந்த ஆட்டம். நம் பள்ளிப் பெண்பிள்ளைகளின் முதல் பந்து பெரும்பாலும் வலைப்பந்து. பிடிக்கவும் எறியவும் அவர்கள் கை தேறிவிடும். ஓடிக்கொண்டே பந்தைக் கூட வைத்துக்கொள்வது மட்டும் புதிதாகப் பழகவேண்டியது.

அதற்குச் சரியான பந்து வேண்டும். வளர்ந்த ஆண்கள் ஆடும் 7ஆம் அளவுப் பந்து ஏறத்தாழ 600 கிராம் கனக்கும். எட்டு வயதுப் பிள்ளை அதை உள்ளங்கையால் அறைகிறது என்றால் பிழை பிள்ளையுடையதல்ல. அந்தக் கனத்தை விரல்களால் தள்ள முடியாது. 5ஆம் அளவு 500 கிராமுக்குள் அடங்கும், சுற்றளவு ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர். 1950களில் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டனில் ஜே ஆர்ச்சர் சிறுவருக்கெனப் பந்தையும் கூடையையும் குறுக்கினார். சிறுவர் ஆட்டத்தில் வளையம் 3.05 மீற்றர் உயரத்திலிருந்து 2.60க்கு இறங்கியது. காற்றுக்கு ஓர் எளிய சோதனை: தலை உயரத்திலிருந்து விட்டால் பந்து இடுப்பளவு எழவேண்டும். நம் பள்ளிகளில் பந்து வாங்கும்போது பெரியவர் அளவை வாங்கி, அதையே எல்லா வகுப்புக்கும் கொடுப்பதை நிறுத்தவேண்டும்.

முதலில் நின்ற இடத்திலேயே பழக்கலாம். முழங்கால் சற்று மடங்கட்டும், விரல் நுனிகளின் சதை பந்தில் படட்டும், மணிக்கட்டு தள்ளட்டும். இடுப்புக்கு மேலே எழவேண்டாம். பந்து காலுக்கு நேர் முன்னே விழாமல் பாதத்தின் வெளிப்பக்கம் விழவேண்டும். இல்லாவிட்டால் நடக்கத் தொடங்கியதும் காலில் பட்டு ஓடிவிடும். அடுத்து மறு கை. இடது கையை ஆறாம் ஏழாம் தரம்வரை தள்ளிப்போட்டால் அது பிறகு வருவது கடினமாகலாம். கண்ணை நிமிர்த்த ஆசிரியர் எதிரே நின்று விரல்களைக் காட்டுவார், பிள்ளைகள் எண்ணிக்கையை உரக்கச் சொல்லவேண்டும். நாற்பது பிள்ளைக்கு ஒரு பந்தென்று வரிசையில் நிற்கவைத்தால் பாடவேளை முழுவதும் ஒரு பிள்ளைக்குச் சில தட்டுகளே கிடைக்கும். இருவருக்கு ஒன்றாவது வேண்டும். போதாதபோது ஒரு குழு பந்தோடும், மற்றொரு குழு பந்தில்லாமல் நிறுத்தி ஓடும் காலசைவோடும் மாறிமாறிப் பழகலாம். மண்தரையானாலும் கூட்டித் துப்புரவாக்கிக் கல் பொறுக்கிய ஒரு மூலை போதும்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் முதலில் வெட்டப்படுவது மைதானத்து நேரம். இழப்பு அந்தப் பிள்ளைக்கே. நிறுத்திப் பிடித்த பந்தை மீண்டும் தட்டக்கூடாது, இரு கையாலும் ஒரேநேரத்தில் தட்டக்கூடாது என்ற விதிகளை இதற்குப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். கை பழகிய பிள்ளைக்கு அவை ஒரே பாடவேளையில் புரியும்.