பிரஷர் மாத்திரை போட்டதும் மூச்சுத்திணறலா? இதை டாக்டரிடம் சொல்ல மறக்காதீங்க!

வீட்டுல அப்பாவோ அம்மாவோ பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்களா? அந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படிங்க. 'ஹைட்ரோகுளோரோதயசைடு' என்று இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். பல பிராண்டுகளில் பெயரோடு சேர்ந்து வரும் 'ஹெச்' என்ற எழுத்து இதைத்தான் குறிக்கும்.

இது 'டையூரெடிக்' வகை மருந்து. உடம்பில் இருக்கும் கூடுதல் உப்பையும் நீரையும் சிறுநீர் வழியா வெளியேற்றி, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். 1950-களின் இறுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கும், விலை குறைவான, பெரும்பாலானவங்களுக்குப் பாதுகாப்பான மருந்து.

ஆனால், நீரை வெளியேற்ற வேண்டிய இதே மாத்திரை, மிக மிக அரிதாகச் சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும். 1968-லேயே மருத்துவ உலகில் பதிவான பக்கவிளைவு இது. 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வரும். பதிவானவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

என்ன நடக்கிறது?

இங்கே பிரச்னை இதயத்தில் இல்லை. நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிந்து, காற்றுப்பைகளுக்குள் திரவம் நிறைகிறது. மாத்திரை போட்ட சில நிமிடங்களில் இருந்து சில மணி நேரத்துக்குள் மூச்சுத்திணறல், காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி எல்லாம் வரலாம். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கவும் செய்யலாம்.

ஏன் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது?

பார்ப்பதற்கு நிமோனியா மாதிரியோ, இதயச் செயலிழப்பு மாதிரியோ இருக்கும். ஆக்சிஜன் கொடுத்து, மாத்திரையும் நின்றுபோனால், பலருக்குச் சில நாள்களில் சரியாகிவிடும். 'இன்ஃபெக்‌ஷன் குணமாயிடுச்சு'ன்னு வீட்டுக்கு வந்து, பழைய மாத்திரையைத் திரும்பப் போடும்போதுதான் ஆபத்து. இரண்டாவது முறை இன்னும் தீவிரமாக வரலாம். இப்படி மறுபடி மருத்துவமனைக்கு வந்த பிறகே காரணம் தெரிந்தவர்கள் பலர்.

என்ன செய்யணும்?

* மாத்திரை போட்டதும் மூச்சுத்திணறினால் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

* மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்க. எத்தனை மணிக்குப் போட்டாங்க, எத்தனை மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுதுன்னு டாக்டரிடம் சொல்லுங்க. நோயைக் கண்டுபிடிக்க அந்த நேரக்கணக்குதான் பெரிய துப்பு.

* இந்த மருந்துதான் காரணம் என்று உறுதியானால், வாழ்நாள் முழுக்க அதைத் தொடக் கூடாது. பிராண்டு பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதாது. வேறு பெயரில், வேறு கலவையில் வந்துவிடும். மருந்தின் பெயரையே ஃபைலில் எழுதி, போனிலும் சேமித்து வைங்க.

* பக்கவிளைவைப் புகார் செய்ய, இந்திய அரசின் கட்டணமில்லா எண்: 1800-180-3024.

முக்கியமான விஷயம்... இதைப் படிச்சுட்டு, நல்லா ஒத்துக்கொள்ளும் மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. கட்டுப்பாடில்லாத பிரஷரால் பக்கவாதமோ மாரடைப்போ வரும் ஆபத்து இதைவிடப் பல மடங்கு அதிகம். சந்தேகம் இருந்தால், அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அட்டையோடு போய் டாக்டரிடமே கேட்டுடுங்க!