வாவியும் வாவும்: நிலத்தடிக் கட்டடக்கலையும் ஒரு சொல்லின் வரலாறும்

குஜராத்தி மொழியில் 'வாவ்' எனப்படுவது, நிலமட்டத்திலிருந்து படிகளின் வழியே நீர்மட்டம் வரை இறங்கிச் செல்லுமாறு அமைந்த பல நிலைக் கட்டடமாகும். இச்சொல் 'வாபீ' என்னும் வடசொல்லினின்று பிறந்தது. தமிழ் 'வாவி'யும் சிங்கள 'வெவ'வும் அம்மூலத்தினவே. ஆயினும் இவை சுட்டும் பொருள்கள் வேறு. தமிழ் இலக்கியத்தில் வாவி என்பது பொய்கை. மட்டக்களப்பு வழக்கில் அது கடலையொட்டிய காயல். சிங்களத்தில் பாசன ஏரி. குஜராத்தியிலோ அது ஒரு கட்டடத்தின் பெயராக நிலைபெற்றது. எனவே, வாவைத் தமிழில் பெயர்ப்போர் முதலில் அக்கட்டடத்தின் இயல்பை அறிதல் வேண்டும்.

பாட்டண் நகரிலுள்ள 'ராணி கி வாவ்' இதற்குச் சிறந்த சான்று. சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவனின் அரசி உதயமதி 11ஆம் நூற்றாண்டில் இதனை எடுப்பித்ததாக மேருதுங்கரின் 'பிரபந்த சிந்தாமணி' கூறுகிறது. ஏறத்தாழ 64 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் 27 மீட்டர் ஆழமும் கொண்ட இவ்வாவ் ஏழு நிலைகளை உடையது. முதன்மைச் சிற்பங்கள் மட்டும் 500க்கு மேற்பட்டவை. பக்கச் சுவர்கள் மண்ணின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியவை. படிவழியின் குறுக்கே எழும் தூண் மண்டபங்கள் அவற்றுக்கு ஊன்றாகின்றன. அச்சுவர்களின் மாடங்களிலேயே திருமாலின் அவதாரங்கள் இடம்பெறுகின்றன. படியிறங்குவோர் இறுதியில் காண்பது, கிணற்றுச் சுவரில் அமைந்த அரவணைத் துயிலும் திருமாலின் உருவம். நீரை நோக்கி இறங்கும் வழியே சிற்ப வரிசையின் வழியுமாதலின், இங்குக் கலையைக் கட்டடத்தினின்று பிரித்தல் இயலாது. சரசுவதி ஆற்று வண்டலில் புதைந்திருந்த இது 1980களில் அகழ்ந்தெடுக்கப்பட்டு, 2014இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

இம்மண்டபங்களைச் சிற்பநூலார் 'கூடம்' என்பர். 'அபராஜித பிருச்சா' என்னும் நூல், ஒரு வாயிலும் மூன்று கூடங்களும் உடையது நந்தா, இரண்டும் ஆறும் உடையது பத்ரா, மூன்றும் ஒன்பதும் உடையது ஜயா, நான்கும் பன்னிரண்டும் உடையது விஜயா என வகுக்கிறது. தமிழகக் கோயிற்கலையில் 'கர்ணகூடம்' என்பது விமானத்தின் மூலையில் அமையும் சிறு கோயில் வடிவத்தைக் குறிக்கும். ஆகவே, சொல் ஒன்றாயிருப்பதே மொழிபெயர்ப்பாளரை வழிதவறச் செய்யலாம்.

அகமதாபாத்தின் தாதா ஹரீர் வாவில் வடமொழிக் கல்வெட்டும் அரபுக் கல்வெட்டும் உள்ளன. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், சுல்தான் மகமூது பேகடாவின் ஆட்சியில் எழுந்த இதன் அணிகள் பெரிதும் பூங்கொடிகளே. அணிகலை மாறியபோதும் கட்டட அமைப்பு மாறவில்லை. அதன் பெயரும் மாறவில்லை.

தமிழகத்திலும் படிவழி இறங்கும் பெருங்கிணறு உண்டு. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 800இல், திருவெள்ளறையில் நான்கு வாயில்களுடன் சுவத்திக வடிவில் அமைந்ததைக் கல்வெட்டு 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்கிறது. இதனைக் கொண்டு, வாவையும் கிணறு என்றே பெயர்க்கலாமே எனச் சிலர் கருதக்கூடும். ஆனால் நிலைநிலையாய் அமைந்த தூண் மண்டபங்கள் திருவெள்ளறையில் இல்லை. 'படிக்கிணறு' என்னும் ஆக்கச் சொல் இறங்கும் வழியைச் சுட்டும். மண்டபத்தையும் சிற்பத்தையும் சுட்டாது. 'வாவி' என்பதோ திறந்த நீர்நிலையையே நினைவூட்டும்.

ஆதலின், 'வாவ்' என்பதை அவ்வாறே ஏற்று, முதல் ஆட்சியில் 'மண்டபப் படிக்கிணறு' என விளக்கம் தருதல் பொருந்தும். ஒரு சொல்லைக் குறைத்துப் பெயர்ப்பின், அது தாங்கி நிற்கும் கலையும் குறைந்துவிடும்.