எல்.எம்.பி. டாக்டருக்குப் பிறகு யார்?

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் லெட்ஜர் எழுதியவன். ஆனாலும் இந்த முறை குடும்ப மருத்துவர்களின் வரலாற்றை எழுத ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது நன்னிலம். 1960களில் எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் ஒரே டாக்டர்தான். போர்டில் பெயருக்குப் பின்னால் எல்.எம்.பி. என்று இருக்கும். கம்பவுண்டர் கலக்கித் தரும் மருந்து பாட்டிலில் வேளைக்கு எவ்வளவு என்று காகிதத்தை வெட்டி ஒட்டியிருப்பார்கள். நடவு காலத்தில் சேற்றுப்புண், அறுவடையில் அரிவாள் வெட்டு, மழையில் காய்ச்சல், நடுராத்திரியில் பிரசவம் என எல்லாவற்றுக்கும் அவர்தான். என் தாத்தாவுக்கு ஆஸ்துமா என்பது அவருக்குத் தெரியும். எனக்கு மூச்சிரைப்பு வந்தபோது அதிகம் விசாரிக்கவே இல்லை.

எல்.எம்.பி. என்பது எம்.பி.பி.எஸ்.ஸைவிடக் குறைந்த ஆண்டுகள் கொண்ட படிப்பு. சென்னை இராயபுரத்தில் இதற்கான பள்ளி இருந்தது. 1938ல் அதுதான் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆனது. சுதந்திரத்துக்குச் சற்று முன் நாட்டில் இருந்த டாக்டர்களில் பாதிக்கு மேல் இப்படிப்பட்டவர்களே. 1946ல் சர் ஜோசப் போர் குழு, இனி எல்லோருக்கும் ஒரே தரமான பட்டம் போதும் என்று பரிந்துரைத்தது. எல்.எம்.பி. மெல்ல மறைந்தது. தரம் உயர்ந்தது நல்லதுதான். ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் இருதயம், எலும்பு, கண் என்று மேற்படிப்புக்குப் போனார்கள். முழு மனிதரைப் பார்க்கும் டாக்டருக்கென்று மேற்படிப்பு இல்லை.

பிரிட்டனில் 1952லேயே பொது மருத்துவர்களுக்கென்று தனிக் கல்லூரி ஏற்பட்டது. அமெரிக்கா 1969ல் குடும்ப மருத்துவத்தைத் தனித் துறையாக ஏற்றது. இங்கே இந்திய மருத்துவச் சங்கம் 1963ல் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி என்ற அமைப்பைத் தொடங்கியது. பிறகு தேசியத் தேர்வு வாரியம் டி.என்.பி. குடும்ப மருத்துவம் என்ற 3 ஆண்டுப் படிப்பைக் கொண்டுவந்தது. பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை என ஒவ்வொரு பிரிவிலும் சில மாதங்கள் வேலை பார்த்துக் கற்க வேண்டும். 2020 முதல் 2 ஆண்டு டிப்ளமோவும் உண்டு.

நம் மாநிலத்தில் வேலூர் சி.எம்.சி.க்கு இதில் தனி இடம். அங்கே 1982ல் ஏழைகளுக்கான குறைந்த செலவு சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. 2006ல், ஊரில் தொழில் செய்யும் டாக்டர்கள் கிளினிக்கை மூடாமலே படிக்கும்படி தொலைதூர டிப்ளமோ ஏற்பட்டது. நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைக் குறைத்து, முடிந்ததை உள்ளூரிலேயே தீர்ப்பதுதான் அதன் நோக்கம். அரசுக் கல்லூரிகளில் கோழிக்கோடுதான் எம்.டி. குடும்ப மருத்துவத்தை முதலில் தொடங்கியது, அதுவும் 2010க்குப் பிறகு. இன்றும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று துறை கிடையாது. மாணவர் கண்ணில் படாத துறையை அவர் எப்படித் தேர்ந்தெடுப்பார்?

இனி காரணத்துக்கு வருகிறேன். போன வருடம் என் மனைவிக்குக் கால் வீங்கியது. ஏற்கெனவே இருதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுநீரகத்துக்கு மூன்றாவது ஒருவரைத் தேட ஆரம்பித்தோம். நடுவில், குடும்ப மருத்துவம் படித்த ஒரு இளம் டாக்டரிடம் போனோம். "வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாம் எடுத்துட்டு வாங்க சார்" என்றார். பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "பேர்தான் வேற. ரெண்டும் அம்லோடிபின். அம்மா ரெட்டை டோஸ் சாப்பிட்டிருக்காங்க" என்றார். அவர் ஒன்றை நிறுத்தினார். சில நாளில் வீக்கம் வடிந்தது.

முப்பது வருடம் லெட்ஜரில் இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்தவன் நான். என் வீட்டு மருந்துப் பெட்டியில் கோட்டை விட்டேன். இருதய டாக்டரும் சர்க்கரை டாக்டரும் அவரவர் பக்கத்தைச் சரியாகத்தான் எழுதினார்கள். மொத்தக் கணக்கைப் பார்க்க ஆள் இல்லை.

ஆகவே, நம் பிளாக்குகளில் உள்ள பெரியவர்கள் மாத்திரைகளின் மூலப்பெயரை ஒரே தாளில் எழுதி, எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், இப்படி ஒரு மேற்படிப்பு இருப்பதைச் சொல்லுங்கள். நன்னிலத்து டாக்டரின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.