நிழல் வரையும் வளைவு

காடாம்புலியூரின் திறந்தவெளியில் குச்சியொன்றை நட்டு, லுஹர் முதல் அஸர் வரை நிழல் நுனியைப் புள்ளியிட்டு வாருங்கள். ஆண்டின் சமஇரவு நாள்களில் நேர்கோடும், ஏனைய நாள்களில் வளைகோடும் தோன்றும். குச்சி நுனியைத் தொட்டு வரும் கதிர்கள் கூம்பாக அமைய, தரை அதனை வெட்டுவதால் பிறக்கும் அவ்வளைவே அதிபரவளையம்.

கூம்பு வெட்டுகளைப் பற்றிக் கிரேக்க அறிஞர் அப்பொல்லோனியஸ் 8 நூல்கள் இயற்றினார். கிரேக்க மொழியில் எஞ்சியவை முதல் 4 மட்டுமே. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் 7 நூல்களை அரபியில் பெயர்க்கச் செய்தனர். 5 முதல் 7 வரை பெயர்த்த தாபித் இப்னு குர்ரா, ஹர்ரான் நகரத்து ஸாபியீ சமயத்தவர். அம்மூன்றும் இன்று அரபியின் வழியாகவே நிலைத்துள்ளன. 1710இல் ஹாலி அவற்றை இலத்தீனில் வெளியிட்டார். எட்டாவது நூல் மறைந்தே போயிற்று.

அறிவு எவரிடமிருந்து வந்தாலும் ஏற்றுக் காத்தனர் நம் முன்னோர். பாடநூலில் இவ்வளைவுகளைப் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றையும் சொல்வோம்.